தாயன்பா? ஜாதிக் காவலா?

ஆடிக் கிருத்திகையன்று திருத்தணிக்குப் போய்ப் பார்த்தவர்களுக்குத் தெரியும். அடிவாரத்துச் சரவணப் பொய்கையருகில் ஜனங்கள் ஒருவரையொருவர் நெருக்கிக்கொண்டு நிற்பார்கள். தமிழும் தெலுங்கும் கலந்து காதைத் துளைக்கும். பூக்காவடி தூக்கினவர்களுக்கும் பால்குடம் சுமந்தவர்களுக்கும் நடுவில், இடுப்பில் ஒரு கைக்குழந்தையோடு ஒரு தாய் வருவாள். குழந்தைக்கு அப்போதுதான் மொட்டையடித்துத் தலையில் சந்தனம் பூசியிருப்பார்கள். அது வீறிட்டு அழுதுகொண்டிருக்கும். மலைமேல்வரை மோட்டார் போக ரோடு இருந்தும், அவள் அதில் ஏறமாட்டாள். குழந்தைக்கு நோய் கண்டபோது நேர்ந்துகொண்டவளாதலால், வருஷத்து நாட்களின் கணக்கென்று சொல்லப்படும் 365 படிகளையும் காலால் மிதித்து ஏறியே தீருவாள்.

அந்தப் படியேற்றத்தினால் எந்தக் குழந்தையின் நோயும் தீர்ந்ததில்லை என்பதை நாம் பலமுறை சொல்லியாகிவிட்டது. பெரியம்மை இந்நாட்டைவிட்டு 1975-ல் ஒழிந்ததென்றால் அது ஊசியினாலேயே தவிர, எந்த ஆத்தாளுக்கும் எந்த வேலனுக்கும் செய்த நேர்த்தியினால் அல்ல. ஆனால் இன்று நாம் பேச வந்தது அந்த மூடநம்பிக்கையைப் பற்றி அல்ல. அந்தத் தாயின் உள்ளத்தைப் பற்றியே பேச வந்தோம். அவள் வைத்திருக்கும் அன்பு பொய்யல்ல. தன் உடம்பைச் செருப்பாகப் போடச் சொன்னாலும் குழந்தைக்காகப் போடுவாள். அதில் நமக்குச் சந்தேகமில்லை.

நமக்குள்ள சந்தேகம் வேறு. இருபது, இருபத்தைந்து வருஷம் கழித்து அதே குழந்தை வளர்ந்து ஆளாகி, "இன்ன தெருப் பெண்ணை விரும்புகிறேன், அவளையே கட்டிக்கொள்ளப் போகிறேன்" என்று சொன்னால், அதே தாய் என்ன செய்வாள்? அந்தத் தெரு ஊருக்குள் இருக்கிற தெருவானால் நாலு நாள் அழுதுவிட்டு ஒருவேளை சம்மதித்தாலும் சம்மதிப்பாள். ஊருக்கு வெளியே இருக்கிற சேரியானால்? 365 படி ஏறின கால்கள் அந்தச் சேரிக்குள் ஓர் அடி எடுத்து வைக்குமா என்று கேட்கின்றோம்.

கதையின் சாரம்

இக்கேள்வியை நாம் சும்மா கேட்கவில்லை. பெருமாள்முருகன் எழுதி 2013-ல் வெளிவந்த "பூக்குழி" என்னும் நாவலைப் படித்ததன்மேல் கேட்கின்றோம். கதை, காவியம் என்றால் நம் இயக்கத்தார் முகத்தைத் திருப்பிக்கொள்வது வழக்கம். அதற்குக் காரணமும் உண்டு. நம் நாட்டில் கதைகளெல்லாம் பெரும்பாலும் பெண்ணுக்குக் கற்பையும் ஏழைக்குத் தலைவிதியையும் போதிக்கவே பயன்பட்டு வந்திருக்கின்றன. இந்தக் கதை அந்த ரகத்தைச் சேர்ந்ததல்ல. இது தர்மபுரி இளவரசனுக்குக் காணிக்கையாக்கப்பட்ட புத்தகம். அவர் கலப்பு மணம் செய்துகொண்டதைத் தொடர்ந்து 2012 நவம்பரில் நத்தம் காலனியும் பக்கத்துச் சேரிகளும் கொளுத்தப்பட்டதையும், 2013 ஜூலை 4-ந் தேதி அவர் ரயில் தண்டவாளத்தருகே பிணமாகக் கிடந்ததையும் யாரும் மறந்திருக்க முடியாது.

கதை சிறியது. குமரேசன் என்னும் கிராமத்து வாலிபன் பிழைப்புக்காக ஒரு டவுனில் சோடாக்கடையில் வேலைக்குப் போகிறான். அங்கே சரோஜா என்னும் பெண்ணைக் காதலித்து, யாருக்கும் சொல்லாமல் கலியாணம் செய்துகொண்டு, தன் ஊராகிய காட்டுப்பட்டிக்கு அழைத்து வருகிறான். கேட்டவர்களிடம் "நம் ஜாதிப் பெண்தான்" என்று பொய் சொல்கிறான். ஒருவரும் நம்பவில்லை. ஊர் கூடுகிறது, ஒதுக்கி வைக்கிறது. கோவில் நோன்பிக்கு அந்த வீட்டு வரிப்பணமும் வாங்கக்கூடாதென்று தீர்மானிக்கிறது. பெண்ணின் ஜாதி என்ன, பையனின் ஜாதி என்ன என்று ஆசிரியர் எங்கும் பெயர் சொல்லவில்லை. நமக்கு அதுவே சரியென்று படுகின்றது. பெயர் சொல்லியிருந்தால், "அது அந்த ஜாதிக்காரன் செய்த அக்கிரமம், நம் ஜாதியில் இப்படியில்லை" என்று மற்ற ஜாதிக்காரர்களெல்லாம் கை கழுவிக்கொண்டிருப்பார்கள்.

இந்தக் கதையில் நாம் கவனிக்க வேண்டியவள் குமரேசனின் தாய் மாராயி. இளம் வயதில் கணவனை இழந்தவள். மறுமணம் என்கிற பேச்சுக்கே இடமில்லாத ஊரில், தனியொருத்தியாகப் பாடுபட்டு அந்த ஒற்றைப் பிள்ளையை வளர்த்தவள். அவளுக்கு அவனே உயிர். அப்படிப்பட்டவள் பிள்ளை விரும்பிக் கொண்டுவந்த பெண்ணை முதல் நாளே வாசலில் நிறுத்தி ஒப்பாரி வைக்கிறாள். அன்று தொடங்கின ஏச்சும் சாபமும் கடைசிவரை நிற்கவில்லை. பிள்ளை வெளியே போனபிறகு வீட்டில் தனியாக இருக்கும் அந்த அந்நியப் பெண்ணுக்குப் பேச்சுத் துணைக்குக்கூட ஆளில்லை. கடைசியில் அவள் கர்ப்பமாயிருக்கும்போது, கணவன் ஊரிலில்லாத ஓர் இரவில், அவளைத் தீர்த்துவிட ஊரார் கூடுகிறார்கள். அந்தக் கூட்டத்தில் மாராயியும் ஒருத்தி. காதில் விழுந்த பேச்சைக் கேட்டு நடுங்கி முட்புதருக்குள் ஒளிந்துகொண்டவளைத் தேடிப் பிடிக்க முடியாமல், புதருக்கே நெருப்பு வைக்கிறார்கள். சாமிக்கு நேர்ந்து தீமிதிக்கும் குழிக்குத்தான் பூக்குழி என்று பெயர். இங்கே அந்த நெருப்பு ஒரு கர்ப்பிணியைச் சுற்றி வளர்க்கப்படுகிறது.

அந்தப் பெண்ணின் வயிற்றில் இருந்தது யாருடைய குழந்தை? மாராயியின் பேரக் குழந்தை. யாருக்காகப் பாடுபட்டுத் தேய்ந்தாளோ அவனுடைய பிள்ளை. அப்படியிருக்க அவள் காப்பாற்ற நினைத்தது எதை என்று யோசித்துப் பாருங்கள்.

நிறமும் ஜாதியும்

இன்னொரு சங்கதியையும் இந்த நாவலில் கவனிக்க வேண்டும். ஊரார் சரோஜாவை வேறு ஜாதி என்று கண்டுகொண்டது எதனால்? அவளுடைய நிறத்தினால். வெயிலில் வெந்து கறுத்த காட்டுப்பட்டிக்காரர்கள் நடுவில் அவள் வெளுத்த தோலோடு நிற்கிறாள். "இந்த நிறம் நம் ஜாதியில் ஏது?" என்று சந்தேகம் பிறக்கிறது. பையனை மயக்கியதும் அந்தத் தோல்தான் என்று வசவு வருகிறது.

அமெரிக்காவில் தோல் கறுப்பாயிருந்தது குற்றம். காட்டுப்பட்டியில் தோல் வெளுப்பாயிருந்தது குற்றம். ஆகவே நிறம் என்பது சாக்கே ஒழிய, சங்கதி நிறமல்ல என்பது விளங்கவில்லையா? ஒருவனைக் கீழே அழுத்தி வைப்பதென்று முடிவு கட்டினபிறகு, அதற்கு அடையாளமாகத் தோலையும் காட்டலாம், தொழிலையும் காட்டலாம், குடியிருக்கும் தெருவையும் காட்டலாம். டாக்டர் அம்பேத்கர் 1936-ல் வெளியிட்ட "ஜாதி ஒழிப்பு" உரையில், பஞ்சாபுப் பார்ப்பனரும் பஞ்சாபுத் தீண்டப்படாதவரும் ஒரே இனம், சென்னைப் பார்ப்பனரும் சென்னைப் பறையரும் ஒரே இனம் என்று எடுத்துக்காட்டி, ஜாதி இரத்தத்தில் இல்லை என்று நிரூபித்தார். இனம் வேறு, ஜாதி வேறு. ஆனால் அநீதி ஒன்று. இதை நூற்றைம்பது வருஷத்துக்கு முன்னமே கண்டவர் ஜோதிராவ் பூலே. 1873-ல் அவர் எழுதிய "குலாம்கிரி" என்னும் புத்தகத்தை, கறுப்பு மக்களின் அடிமைத்தனத்தை ஒழித்ததற்காக அமெரிக்க நன்மக்களுக்கே காணிக்கையாக்கினார். பம்பாய் ராஜதானியிலிருந்த ஒரு சூத்திரருக்கு அமெரிக்கக் கறுப்பன் உடன்பிறந்தவனாகத் தோன்றினான். நமக்கு இன்னும் பக்கத்துச் சேரிக்காரன் அப்படித் தோன்றவில்லை.

இரண்டு தாய்மார்

அமெரிக்கா என்றவுடன் அந்நாட்டு நாவல் ஒன்றில் வரும் இன்னொரு தாயின் நினைவு வருகின்றது. டோனி மாரிசன் என்னும் கறுப்பு அம்மையார் 1987-ல் எழுதிய "பிலவ்ட்" என்னும் நாவலில் வரும் செத்தி என்பவள் அவள். (அந்த அம்மையாருக்கு 1993-ல் இலக்கியத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது.) செத்தி ஓர் அடிமை. எஜமானனிடமிருந்து தப்பி ஒஹாயோ நதியைக் கடந்து, தன் குழந்தைகளோடு சுதந்திர மண்ணில் சில நாள் வாழ்கிறாள். எஜமானன் ஆட்கள் பிடிக்க வந்துவிடுகிறார்கள். மறுபடியும் அடிமையாய் வாழ்வதைவிடச் சாவதே மேலென்று தன் பெண் குழந்தையைத் தன் கையாலேயே கொன்றுவிடுகிறாள்.

இது வெறும் கற்பனையுமல்ல. 1856 ஜனவரியில் மார்கரெட் கார்னர் என்னும் அடிமைப்பெண் கென்டக்கியிலிருந்து, உறைந்து கிடந்த ஒஹாயோ நதியின் பனிக்கட்டிமேல் நடந்து சின்சினாட்டிக்குத் தப்பி வந்தாள். வளைத்துக்கொண்டவுடன் இரண்டு வயது மகளைக் கத்தியால் அறுத்துவிட்டாள். அப்போது கோர்ட்டில் நடந்த வழக்கைக் கேட்டால் வயிறு எரியும். அவளைக் கொலைக்குற்றவாளி என்பதா, ஓடிப்போன சொத்து என்பதா என்றே தர்க்கம் நடந்தது. கொலைக்குற்றவாளி என்றால் அவளை மனுஷி என்று ஒத்துக்கொண்டதாகிவிடும். ஆகவே சொத்து என்றே வைத்து எஜமானனிடம் திருப்பி அனுப்பினார்கள்.

செத்தி செய்ததை நாம் நியாயமென்று சொல்லவில்லை. பெற்ற குழந்தையைக் கொல்லும்படி ஒரு தாயைக் கொண்டுவந்து நிறுத்திய சமுதாயத்தைத்தான் கொலைகாரச் சமுதாயம் என்கின்றோம். ஆனால் இவ்விரண்டு தாய்மாரையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திப் பாருங்கள். செத்தி கையில் இரத்தம் பட்டது அடிமைத்தனத்திற்குத் தன் மகளை ஒப்புக்கொடுக்க மறுத்ததனால். மாராயி கையில் நெருப்பு இருந்தது அடிமைத்தனத்தை அழியாமல் காப்பாற்றுவதற்காக. அவள் தன் குழந்தையை எஜமானனிடமிருந்து மறைக்கப் பார்த்தாள். இவள் ஊரான் வீட்டுப் பெண்ணை எஜமானர்களுக்குக் காட்டிக் கொடுக்கப் போனாள். இரண்டுக்கும் தாயன்பு என்றே பெயர் வைப்பதானால் அந்தச் சொல்லுக்கு அர்த்தமே இல்லை என்றுதான் சொல்ல வேண்டும்.

காவல்காரியாக்கியது யார்?

அப்படியானால் மாராயி ஒரு ராட்சசியா? இல்லவே இல்லை. பழியை அவள் தலையில் போட்டுவிட்டுத் தப்பித்துக்கொள்ளப் பார்க்கும் ஆண்பிள்ளைகளுக்கு நாம் இடங்கொடுக்க மாட்டோம்.

1916 மே 9-ந் தேதி நியூயார்க் நகரத்தில் கொலம்பியா சர்வகலாசாலையில், அப்போது மாணவராயிருந்த அம்பேத்கர், இந்திய ஜாதிகளைப் பற்றி ஒரு கட்டுரை படித்தார். ஜாதிக்கு உயிர்நாடி அகமணம், அதாவது சொந்த ஜாதிக்குள்ளேயே பெண் கொடுத்துப் பெண் எடுப்பது என்பது அதன் சாரம். அந்த வேலி உடையாமலிருக்க வேண்டுமானால் கணவன் செத்த பெண் வேறு ஜாதிக்காரனைத் தேடிப் போகாமலிருக்க வேண்டும். அதற்காகவே அவளை எரித்தார்கள். எரிக்காத இடத்தில் விதவையாக்கி மூலையில் உட்காரவைத்தார்கள். பெண் விவரமறிவதற்கு முன்பே பால்ய விவாகம் செய்துவைத்தார்கள். உடன்கட்டையும், விதவைக் கோலமும், பால்ய விவாகமும் ஜாதிவேலிக்கு நட்ட முட்கள் என்பதே அவர் காட்டிய உண்மை.

இதை வைத்து மாராயியைப் பாருங்கள். அவள் வாழ்வு முழுவதையும் வெள்ளைச் சேலைக்குள் கட்டிப்போட்டது எது? ஜாதி. மறுபடி ஒருவனை நேசிக்க அவளுக்கு உரிமையில்லாமல் செய்தது எது? ஜாதி. பிள்ளை ஒருவனைத் தவிர உலகத்தில் வேறு பிடிப்பே இல்லாமல் அடித்தது எது? அதே ஜாதி. பிள்ளையின் கலியாணத்தினால் ஊர் ஒதுக்கி வைத்தால், தண்ணீருக்கும் நெருப்புக்கும் சாவுக்கும் வாழ்வுக்கும் ஆளில்லாமல் முதலில் திண்டாடப் போகிறவள் அவளே. அந்தப் பயமே அவளை அந்தக் கூட்டத்தில் கொண்டுபோய் நிறுத்தியது. ஜாதியால் நாசமாக்கப்பட்ட ஒருத்தியையே ஜாதிக்குக் காவல் வைத்துவிட்டார்கள். சம்பளமில்லாத காவல்காரி! பஞ்சாயத்தில் அவளுக்கு இடமில்லை. கோவில் கணக்கில் அவளுக்குப் பேரில்லை. ஆனால் ஜாதியின் மானம் மாத்திரம் அவள் மடியில் இருக்கிறதாம்.

இன்று நம் வீட்டு வாலிபர்கள் சொல்லும் சாக்கைக் கேளுங்கள். "எனக்கு ஜாதி வித்தியாசம் கிடையாது. ஆனால் அம்மா ஒத்துக்கொள்ள மாட்டாள். மருந்தைக் குடித்துவிடுவாள்." தகப்பனும் அதையே சொல்வான்: "நான் முற்போக்குக்காரன்தான், வீட்டிலேதான் சம்மதிக்கமாட்டார்கள்." வாசலில் நின்று பகுத்தறிவு பேசுவதற்கு ஆண், அடுப்படியில் நின்று ஜாதியைக் காப்பதற்குப் பெண் என்று வேலையைப் பங்கு போட்டுக்கொண்டிருக்கிறார்களே, இதைவிடக் கோழைத்தனம் வேறு உண்டா? நிலம் விற்கும்போது அவள் சம்மதம் கேட்டதுண்டா? கடன் வாங்கும்போது கேட்டதுண்டா? ஜாதி விட்டுப் பெண் எடுக்கும்போது மாத்திரம் அவள் கண்ணீருக்கு எங்கிருந்து இவ்வளவு மரியாதை வந்தது?

சில சமாதானங்கள்

இனி வழக்கமாகச் சொல்லப்படும் சமாதானங்களுக்கு வருவோம்.

"பெற்ற வயிறு பதறாதா?" என்கிறார்கள். பதறட்டும். ஆனால் எதற்குப் பதறுகிறது என்று ஒருதரம் கேட்டுப் பார்க்க வேண்டாமா? சம்பாத்தியத்திற்கு அமெரிக்கா போன பிள்ளை ஒரு வெள்ளைக்காரியைக் கட்டிக்கொண்டு வந்தால், பாஷை தெரியாத அவளுக்குப் பட்டுச்சேலை உடுத்தி ஊரெல்லாம் போட்டோ காட்டுகிற வயிறு, பக்கத்துச் சேரிப் பெண் என்றால் மாத்திரம் ஏன் பதறுகிறது? அவள் ஜாதி வேறென்று பதறுவதானால் இரண்டுக்கும் பதற வேண்டும். மேலே போனால் சந்தோஷம், கீழே போனால் பதற்றம் என்றால், அது வயிற்றில் பிறந்த பதற்றமல்ல. மநுதர்மத்தில் பிறந்த பதற்றம்.

"இதெல்லாம் கதைதானே?" என்கிறார்கள். 2003 ஜூலையில் விருத்தாசலத்தை அடுத்த கிராமத்தில், ஊரார் பார்த்திருக்க விஷத்தை ஊற்றிக் கொல்லப்பட்ட முருகேசனும் கண்ணகியும் கதையில் வந்தவர்களா? அந்த வழக்கில் கொடுத்த தண்டனையைச் சுப்ரீம் கோர்ட்டு உறுதி செய்து முடித்தது 2025 ஏப்ரலில். அந்த இரண்டு உயிர்களுக்கு நியாயம் வந்து சேர ஏறக்குறைய இருபத்திரண்டு வருஷம்! 2016 மார்ச் 13-ந் தேதி உடுமலைப்பேட்டைக் கடைத்தெருவில் பட்டப்பகலில் வெட்டப்பட்ட சங்கர் கதையில் வந்தவரா? நாவலாசிரியர் புதருக்கு வைத்த நெருப்போடு கதையை நிறுத்திக்கொண்டார். நாட்டில் நடப்பது அத்துடன் நிற்கவில்லை.

"சட்டம் இருக்கிறதே?" என்கிறார்கள். இருக்கிறது. 1954-ல் தனித் திருமணச் சட்டம் வந்தது. 1967-ல் சென்னைச் சட்டசபை சுயமரியாதைத் திருமணத்தைச் செல்லுபடியாக்கியது. அதே 1967-ல்தான், வெள்ளையர்-கறுப்பர் கலப்பு மணத்தைத் தடுத்து அமெரிக்காவில் 16 ராஜ்யங்களில் மிச்சமிருந்த சட்டங்களை அந்நாட்டுச் சுப்ரீம் கோர்ட்டு செல்லாதென்று தள்ளியது. அங்கே சர்க்கார் போட்ட வேலியைச் சர்க்கார் கோர்ட்டு பிடுங்கி எறிந்தது. இங்கே கலப்பு மணத்தைச் சட்டம் தடுக்கவில்லை. தாயும் தகப்பனும் மாமனும் பங்காளியும் தடுக்கிறார்கள். 2011-12-ல் இந்தியா முழுவதும் குடும்பங்களை விசாரித்து எடுத்த கணக்கில், ஜாதி விட்டு நடந்த கலியாணங்கள் நூற்றுக்குச் சுமார் 5. மீதி 95-ம் அவரவர் ஜாதிக்குள்ளேயே! தம்பதிகளுக்குப் பாதுகாப்புக் கொடுக்க ஒவ்வொரு ஜில்லாவிலும் தனி ஏற்பாடு வேண்டுமென்று 2018-ல் சுப்ரீம் கோர்ட்டு உத்தரவிட்டது. ஆணவக் கொலையைத் தடுக்கத் தனிச் சட்டத்திற்கு யோசனை சொல்ல ஓய்வுபெற்ற நீதிபதி பாஷா தலைமையில் ஒரு கமிஷன் அமைப்பதாக 2025 அக்டோபரில் தமிழ்நாட்டுச் சர்க்கார் அறிவித்தது. தனிச் சட்டம் அவசியம் வேண்டும். அதற்காகப் போராடவும் வேண்டும். ஆனால் சட்டம் போலீஸ் ஸ்டேஷன் வாசல்வரையில்தான் வரும். அடுப்படிக்குள் நாம்தான் போக வேண்டும்.

மலைமேல் ஒன்று, அடிவாரத்தில் ஒன்று

இப்போது மறுபடியும் திருத்தணி மலைக்குத் திரும்புவோம். அம்மலையின் மேல் இருக்கும் சாமியின் கதை என்ன? வேடர் குலத்தில் வளர்ந்து தினைப்புனம் காத்த வள்ளியை, வேடனாகவும் கிழவனாகவும் வேஷம் போட்டுப் போய் ஏமாற்றி, வீட்டாருக்குத் தெரியாமல் அழைத்துக்கொண்டு போனவர் முருகன் என்று கந்தபுராணமே சொல்கிறது. மகளைக் காணோமென்று வேடர்கள் வில்லெடுத்துத் துரத்தினார்கள் என்றும் அதே புராணம் சொல்கிறது. கடைசியில் வள்ளியை மணந்து அமர்ந்த இடம் இந்தத் தணிகை என்பது இவ்வூர்ப் பெருமை. சினம் தணிந்த இடமாதலால் தணிகை என்று பெயர் வந்ததாம்.

இந்தப் புராணத்தில் ஒரு எழுத்தையும் நாம் நம்பவில்லை. நம்புகிறவர்களைத்தான் கேட்கின்றோம். நீங்கள் அர்ச்சனை செய்வது ஒரு கலப்பு மணத்திற்கு. வீட்டார் சம்மதமில்லாமல் ஓடிப்போய்ச் செய்துகொண்ட கலப்பு மணத்திற்கு! அதற்குத் திருக்கலியாண உற்சவம் நடத்துகிறீர்கள், மொய் வைக்கிறீர்கள், மஞ்சள் கயிற்றை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறீர்கள். பிள்ளைக்கு நல்ல இடத்தில் கலியாணம் கூடவேண்டுமென்று அந்தச் சாமியிடமே நேர்ந்துகொள்கிறீர்கள். மலையைவிட்டு இறங்கி வந்ததும் உங்கள் பிள்ளை அதே காரியத்தைச் செய்தால் அரிவாளைத் தேடுகிறீர்கள். சாமி செய்தால் திருவிளையாடல், சாமிக்கு மொட்டையடித்துக்கொண்ட பிள்ளை செய்தால் குலநாசமா? சாமிக்கு ஒரு நியாயம், பிள்ளைக்கு ஒரு நியாயம் என்பது பக்தியா, பித்தலாட்டமா?

இன்னொன்று. திருத்தணி எல்லை ஊர். 1953-ல் ஆந்திர ராஜ்யம் பிரிந்தபோது சித்தூர் ஜில்லாவோடு அந்தப் பக்கம் போன ஊர். இதைத் தமிழ்நாட்டோடு சேர்க்க வேண்டுமென்று ம.பொ.சி.யும் இவ்வூர் கே. விநாயகமும் மற்றவர்களும் கிளர்ச்சி செய்தார்கள். மக்கள் சிறைக்குப் போனார்கள். 1960 ஏப்ரல் 1-ந் தேதி எல்லைக்கோடு நகர்ந்தது. ஊர் இந்தப் பக்கம் வந்தது. இரண்டு சர்க்கார் போட்ட கோட்டை நகர்த்தத் தெம்பிருந்த ஜனங்களுக்கு, ஊருக்கும் சேரிக்கும் நடுவில் கிடக்கும் கோட்டை நகர்த்தத் தெம்பில்லாமல் போனதேன்? அந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கமும் தமிழும் தெலுங்கும்தான். அந்தப் பக்கமும் தமிழும் தெலுங்கும்தான். சினம் தணிந்த ஊரென்று பெயர் வைத்துக்கொண்டு, ஜாதிச் சினத்தை மாத்திரம் தணியாமல் காப்பாற்றுவதில் என்ன பெருமை இருக்கிறது?

வேறொரு தாய்

தாயன்பு என்றால் எது என்று காட்ட நாம் அமெரிக்காவுக்குப் போக வேண்டியதில்லை. 2015 ஜூன் 23-ந் தேதி திருச்செங்கோட்டு மலைக்கோவிலில் ஒரு பெண்ணோடு பேசிக்கொண்டிருந்தார் என்பதற்காகக் கோகுல்ராஜ் என்னும் தாழ்த்தப்பட்ட வாலிபர் ஜாதி வெறியர்களால் கடத்திச் செல்லப்பட்டு, மறுநாள் தண்டவாளத்தில் பிணமாகக் கிடந்தார். அதுவும் மலைக்கோவில்தான். ஆண் பாதி பெண் பாதியாய்ச் சாமி நிற்கும் அந்தக் கோவிலில் ஓர் ஆணும் பெண்ணும் பேசிக்கொண்டிருக்கக்கூடாதாம்!

கோகுல்ராஜின் தாய் அழுதுவிட்டு மூலையில் உட்காரவில்லை. முக்கியமான சாட்சி பிறழ்ந்தபோதும் அவர் பின்வாங்கவில்லை. வழக்கை வேறு ஜில்லாவுக்கு மாற்றவேண்டுமென்று ஹைக்கோர்ட்டுவரை போனார். 2022 மார்ச்சில் மதுரைக் கோர்ட்டு பத்துப் பேருக்கு ஆயுள் தண்டனை விதித்தது. செத்த பிள்ளை திரும்பி வரமாட்டான் என்று அந்த அம்மையாருக்குத் தெரியாதா? இருந்தும் ஏழு வருஷம் கோர்ட்டுப் படி ஏறினாரென்றால், அது இனிப் பிறக்கும் பிள்ளைகளுக்காக அல்லவா? அந்தப் படியேற்றத்திற்கு முன்னால் 365 படி எம்மாத்திரம்?

மாராயிக்கும் இந்த அம்மையாருக்கும் தாய்மையில் ஏற்றத்தாழ்வு இல்லை. ஒருவர் தாய்மையை ஜாதி பிடித்துக்கொண்டது. மற்றவர் தாய்மை ஜாதியைப் பிடித்துக் கோர்ட்டில் நிறுத்தியது. வித்தியாசம் அவ்வளவே.

தோழர்களுக்கு

கடைசியாக நம் தோழர்களுக்குச் சில வார்த்தை. 1929 பிப்ரவரியில் செங்கற்பட்டுச் சுயமரியாதை மகாநாட்டில், பெண்களுக்கு ஆண்களைப்போலவே சொத்துரிமை வேண்டுமென்று தீர்மானம் போட்டோம். அது தமிழ்நாட்டில் சட்டமாக 1989 வரையில், அதாவது 60 வருஷம், காத்திருக்க வேண்டியிருந்தது. சட்டம் வந்தபிறகாவது நம்மில் எத்தனைபேர் தங்கள் மகளுக்குச் சரிபாதி எழுதிக் கொடுத்தோம்? தாயின் பேரில் எத்தனைபேர் நிலம் வைத்திருக்கிறோம்? சொந்தக் காலில் நிற்கும் பெண்ணுக்கு ஊர்க்கட்டுப்பாடு என்றால் பயமிருக்காது. பயமில்லாதவளுக்கு ஜாதிக்குக் காவல் நிற்க அவசியமுமிருக்காது. ஆகவே தாயைக் கும்பிடுவதை நிறுத்திவிட்டு அவளுக்குச் சொத்தையும் படிப்பையும் கொடுங்கள். தாய்மையைத் தெய்வீகம் என்று பாடுகிறவனே அவளை அடுப்படியில் அடைத்து வைத்திருக்கிறான் என்பதை மறக்கவேண்டாம்.

கறுப்புச் சட்டை போட்டுக்கொண்டு மேடையில் ஜாதியை ஒழித்துவிட்டு, வீட்டில் ஜாதகக் கட்டோடு சொந்த ஜாதிக்குள் பெண் தேடுகிற தோழர்கள் இருக்கிறார்கள் என்று நமக்குத் தெரியும். அவர்களுக்குச் சொல்கின்றோம்: உங்கள் தாயாரைச் சாக்குக் காட்டாதீர்கள். "பூக்குழி"யை வாங்கிப் படிக்கத் தெரியாத தாயாருக்குப் படித்துக் காட்டுங்கள். கடைசிப் பக்கம் வந்ததும், "அந்தப் புதருக்குள் இருந்த பெண்ணுக்காக அழுகிறாயா, அம்மா?" என்று கேளுங்கள். அவள் அழுவாள், நமக்கு அதில் சந்தேகமில்லை. "அப்படியானால் நாளை ஒருத்தி நம் வாசலில் வந்து நின்றால் உள்ளே கூப்பிடுவாயா?" என்று அடுத்த கேள்வியையும் கேளுங்கள். அதற்கு அவள் சொல்லும் பதிலில்தான் நம் இயக்கம் அந்த வீட்டுக்குள் போயிருக்கிறதா, திண்ணையோடு நின்றுவிட்டதா என்பது தெரியும்.

அதற்கு முன்னால் அந்தக் கேள்வியை உங்களையே ஒருதரம் கேட்டுக்கொள்ளுங்கள்.